கொழுப்புணவுக்குப் பின் குடிக்கும் மூலிகைச் சாரம்: இரத்தத்தில் உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா?

ஆற்றோரத்தான்

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவில், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பிறகும் நாம் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைத்துவரும் ஊரிலிருந்து எழுதுகிறேன். என் தந்தைக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டியவர். சென்ற மாதம் அரசுக் கிளினிக்கில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அவருடைய டிரைகிளிசரைடு 3.1 மில்லிமோல் என்று வந்தது, 1.7க்குக் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். கொலஸ்ட்ராலுக்காக ஏற்கெனவே சிம்வாஸ்டேட்டின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார்.

இதைக் கேள்விப்பட்ட உறவினர் ஒருவர், நேரடி விற்பனையில் கிடைக்கும் ஒரு போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். கறிவேப்பிலை, கோரக்கப்புளி, பச்சைத் தேயிலை ஆகியவற்றின் அடர்சாரம் என்று மேலுறையில் அச்சிட்டிருக்கிறது. எண்ணெய்ப் பதார்த்தம் சாப்பிட்டவுடன் இரண்டு மேசைக்கரண்டி குடித்தால், கொழுப்பைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுமாம். விலை 189 வெள்ளி (ரிங்கிட்). ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டுவிட்டு அப்பா அதைக் குடிக்கிறார், பத்து நிமிடத்தில் நீளமாக ஓர் ஏப்பம் விடுகிறார், “பார், கொழுப்பு கரைந்துவிட்டது” என்கிறார். நான் மறுத்துப் பேசினால் எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார். அந்தக் கேள்வி நியாயமானது என்பதால் இங்கே வந்திருக்கிறேன். உண்ணத்தக்க தாவரங்களின் சாரம் கொழுப்புணவுக்குப் பின் உடலில் எதையாவது மாற்றுகிறதா? மனிதரிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பழைய டிரெசர்

தம்பிக்கு வணக்கம். தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் அந்த ஏப்பத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். ஏப்பம் என்பது இரைப்பையில் இருந்த காற்று மேலே வருவது, அவ்வளவுதான். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகவே இறங்கும். ஆகவே உங்கள் தந்தை ஏப்பம் விடும் அந்தப் பத்தாவது நிமிடத்தில், அவர் சாப்பிட்ட ஆட்டுக்கொழுப்பின் பெரும்பகுதி சிறுகுடலின் வாசலைக்கூட எட்டியிருக்காது.

அது எட்டிய பிறகு நடப்பதைச் சொல்கிறேன். கல்லீரல் சுரந்து பித்தப்பையில் சேர்த்துவைத்த பித்தநீர், கொழுப்பை நுண்துளிகளாக உடைக்கிறது. கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் என்ற நொதி அத்துளிகளில் உள்ள டிரைகிளிசரைடைக் கொழுப்பமிலங்களாகவும் மோனோகிளிசரைடாகவும் பிரிக்கிறது. குடற்சுவரின் அணுக்கள் அவற்றை உறிஞ்சிக்கொண்டு, உள்ளே மறுபடியும் டிரைகிளிசரைடாகவே கட்டி, புரதம் சேர்ந்த ஓர் உறைக்குள் பொதிந்து, கைலோமைக்ரான் என்ற பொட்டலங்களாக அனுப்புகின்றன. சர்க்கரையைப்போல இவை நேரே கல்லீரலுக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய் வழியே மேலேறி, இடப்பக்கத் தோளுக்கு அருகில் உள்ள பெரிய சிரையில் வந்து இரத்தத்தில் கலக்கின்றன. அதன்பின் தசைகளிலும் கொழுப்புத் திசுக்களிலும் உள்ள தந்துகிச் சுவர்களில் காத்திருக்கும் இன்னொரு லைப்பேஸ் அவற்றை உடைத்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தைக் கல்லீரல் வாங்கிக்கொள்கிறது.

ஆகவே ஒரு சாரம் வேலை செய்கிறது என்று யாராவது சொன்னால், இந்தப் பாதையில் எந்த இடத்தில் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாதவர் விற்கும் போத்தலுக்கு 189 வெள்ளி அதிகம்.

பந்திக் கரண்டி

டிரெசர் ஐயாவுக்கு வணக்கம். திருமண விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். ஆட்டிறைச்சிக்கு மிளகும் சீரகமும் கறிவேப்பிலையும் கைநிறையப் போடுவதும், பந்தியின் முடிவில் ரசம் ஊற்றுவதும் கொழுப்பைச் செரிக்கத்தான் என்று என் மாமியார் சொல்லிக் கொடுத்தார். நானும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது இதுவும் ஏப்பக் கணக்குத்தானா, அல்லது அதில் ஏதாவது இருக்கிறதா?

ஆய்வுக்கூடத்தவள்

அக்காவின் கேள்விக்கு நல்ல விடை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் சுற்றிவந்து சொல்ல அனுமதியுங்கள்.

நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்த மாதிரிகளோடு வேலை செய்பவள். காலையில் நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் சாப்பிட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு வந்திருப்பதாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு நாங்கள் வாதாடுவதில்லை. குழாயைச் சுழற்றி எடுத்தால், தெளிந்த இளமஞ்சள் நிறத்தில் நிற்க வேண்டிய நீர்மம் சில வேளைகளில் சந்தான் (தேங்காய்ப்பால்) கலந்ததுபோல் வெளுத்துக் கலங்கி நிற்கும். டிரெசர் ஐயா சொன்ன கைலோமைக்ரான்கள்தாம் அந்த வெண்மை. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் இது உச்சத்துக்குப் போகும்; ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு இறங்கும். சிலருக்கு இறங்கவே மாட்டேன் என்று அடுத்த வேளைச் சாப்பாடு வரை நிற்கும். இரத்தக்குழாய் தடிப்பது உண்ட பின்னான அந்த நேரங்களில் நடக்கும் காரியம் என்று சில்வர்ஸ்மிட் என்ற அறிவியலாளர் 1979லேயே எழுதினார். ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியை நாம் ஏதோ ஒரு சாப்பாட்டுக்குப் பிந்தைய நிலையிலேயே கழிக்கிறோம் என்பதை நினைத்தால், அவர் கவலை புரியும்.

இனி மசாலா. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உடல் எடை கூடிய ஆறு ஆண்களுக்கு ஏறத்தாழ 1,200 கலோரி கொண்ட கொழுப்புணவை ஒருநாள் மசாலா இல்லாமலும், இன்னொரு நாள் 14 கிராம் மசாலாக் கலவை சேர்த்தும் கொடுத்து, மணிக்கணக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு, இஞ்சி, பூண்டு, இவற்றோடு மேற்கத்திய வாசனை இலைகளும் மிளகாய்த் தூள் வகையும் அதில் இருந்தன. மசாலா சேர்த்த நாளில் டிரைகிளிசரைடின் ஏற்றம் ஏறத்தாழ 30 விழுக்காடும், இன்சுலின் ஏற்றம் ஏறத்தாழ 20 விழுக்காடும் குறைந்திருந்தன.

உங்கள் மாமியாரை நான் கேலி செய்யமாட்டேன், அக்கா. ஆனால் ஆறே பேர், ஆண்கள் மட்டும், ஒன்பது பொருள்களின் கலவை, ஒரே வேளை. எந்தப் பொருள் வேலை செய்தது என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த மசாலா உணவுக்குள்ளேயே கலந்திருந்தது, சாப்பிட்ட பிறகு கரண்டியில் கொடுக்கப்படவில்லை.

செம்மண் சாலை

இடையில் ஒரு சிறு கேள்வி. சாப்பிட்டவுடன் சுடுநீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே?

பழைய டிரெசர்

எண்ணெய்ச் சட்டியில் கரையும். வயிற்றுக்குள் எப்போதுமே முப்பத்தேழு பாகைச் சூடு இருக்கிறது. ஒரு கோப்பை நீரால் அது சில நிமிடங்களுக்கு மேல் மாறாது. குடியுங்கள், தீங்கில்லை.

மருந்தகத் தம்பி

போத்தலில் உள்ள மூன்று பொருள்களையும், டிரெசர் ஐயா சொன்ன பாதையில் வைத்துப் பார்ப்போம்.

கறிவேப்பிலையில் மகானிம்பின் முதலிய கார்பசோல் வகைப் பொருள்கள் உள்ளன. சோதனைக் குழாயில் அவை கணைய லைப்பேஸைத் தடுக்கின்றன. கொழுப்புத் தீனி கொடுத்த எலிகளிலும் பலன் காட்டியிருக்கின்றன. பச்சைத் தேயிலையின் கேட்டச்சின்களும் அதே நொதியைத் தடுப்பவை. நுண்துளிகள் உருவாவதையும் குலைப்பவை. ஆக, இவ்விரண்டுக்கும் பாதையில் ஓர் இடம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் லைப்பேஸை உண்மையிலேயே வலுவாகத் தடுத்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு ஆர்லிஸ்டாட் என்ற மருந்தே இருக்கிறது. 120 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை உணவோடு எடுத்தால், உண்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு உறிஞ்சப்படாமல் வெளியேறும். அப்படி வெளியேறும்போது எண்ணெய் மிதக்கும் மலம், அடக்க முடியாத அவசரம், உள்ளாடையில் கறை எல்லாம் சேர்ந்தே வரும். கொழுப்பில் கரையும் வைட்டமின்களும் குறையும். நீங்கள் சொல்லும் போத்தல் ஆட்டுக்கொழுப்பைப் பிடித்து வெளியே தள்ளுவது உண்மையானால், அதை முதலில் அறிவிப்பது ஏப்பம் அல்ல, கழிப்பறை. அப்பாவிடம் நாசூக்காகக் கேட்டுப் பாருங்கள், அண்ணா.

கோரக்கப்புளியின் கதைதான் எனக்கு மிகவும் வியப்பாக இருக்கிறது. அதிலும், நம் ஊர்க் கடைகளில் அசாம் கெப்பிங் என்று காயவைத்து விற்கும் அதன் உறவுப் பழத்திலும் ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் உண்டு. அது தடுப்பது, மாவுச்சத்திலிருந்து உடல் புதிதாகக் கொழுப்பைத் தயாரிக்கும் வழியில் உள்ள ஒரு நொதியை. ஏற்கெனவே கொழுப்பாக வாய்க்குள் போன ஆட்டிறைச்சிக்கும் அந்த நொதிக்கும் தொடர்பே இல்லை. எடைக் குறைப்பிலும் மனிதரிடம் அதன் பலன் சிறியது. ஆய்வுக்கு ஆய்வு மாறுவது. அதன் சாரம் கலந்த வில்லைகளால் கல்லீரல் பாதிப்பு நேர்ந்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

பச்சைத் தேயிலைச் சாரத்திலும் அதே எச்சரிக்கை உண்டு. நாளொன்றுக்கு அதன் முக்கியக் கேட்டச்சின் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் கல்லீரல் நொதிகள் உயர்வதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கூறியது. கோப்பையில் ஊறவைத்துக் குடிக்கும் தேநீருக்கு இந்த அச்சம் பொருந்தாது. சாரமாகச் சுண்டும்போதுதான் அளவு எகிறுகிறது.

கடைசியாக, போத்தலில் மால் (MAL) என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவெண் இருக்கிறதா, பாரம்பரிய மருந்தாயின் அது டி (T) என்ற எழுத்தில் முடிகிறதா என்று பாருங்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடலாம். உங்கள் தந்தை சிம்வாஸ்டேட்டின் எடுப்பதால் இது வெறும் பணவிரயக் கேள்வி அல்ல.

வேலியோர மூலிகை

பசார் மாலாம் இரவுச் சந்தையில் கீரையும் மூலிகையும் விற்பவன் நான். போத்தல் வியாபாரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் இந்த இழையின் போக்கில் ஒரு சாய்வு தெரிகிறது. மருந்தகத் தம்பி பெருமையோடு சொன்ன ஆர்லிஸ்டாட், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தரும் பொருளிலிருந்து வந்ததுதானே? சிம்வாஸ்டேட்டினின் மூத்த உறவான லோவாஸ்டேட்டினை ஒரு பூஞ்சையிலிருந்துதானே எடுத்தார்கள்? அது 1987இல் மருந்தானபோது அறிவியல். அதே பொருளைச் சீனர்கள் பூஞ்சையிட்டு நொதிக்கவைத்த சிவப்பு அரிசியில் தலைமுறை தலைமுறையாக உண்டால் நம்பிக்கையா? வெந்தயத்தை ஊறவைத்து உண்பதால் உணவுக்குப் பின் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வல்லாரையும் உலாம் இலைகளும் சோற்றோடு பச்சையாக உண்ணும் மலாய் வழக்கத்தையும் இதே தராசில் வைத்துத் தள்ளிவிடுவீர்களா?

மருந்தகத் தம்பி

அண்ணா, நீங்கள் சொன்ன சிவப்பு அரிசியே என் கட்சிக்குச் சாட்சி. அதில் உள்ள மொனாக்கோலின் கே என்பது வேதியியல்படி லோவாஸ்டேட்டினேதான். ஆகவே அது வேலை செய்கிறது. வேலை செய்வதாலேயே ஸ்டேட்டினின் தசைவலி முதலிய தொல்லைகளையும் கொண்டுவரலாம். ஏற்கெனவே சிம்வாஸ்டேட்டின் எடுப்பவர் அதையும் சேர்த்தால் இரட்டை மருந்தாகிவிடும். ஐரோப்பாவில் 2022இல் அதன் அளவை நாளொன்றுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே வைக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். தாவரம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. மஞ்சளின் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமின் இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு உயர்வதாக 1998இல் பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மஞ்சளுக்கு அப்படிக் கதவைத் திறந்துவிடும் பொருள், அப்பாவின் மாத்திரைக்கும் திறந்துவிடக்கூடும். கிரேப்ஃபுரூட் சாறு சிம்வாஸ்டேட்டினுக்குச் செய்வது அதைத்தான்.

ஆய்வுக்கூடத்தவள்

மூலிகை அண்ணன் கேட்டது நியாயம். சாய்வில்லாமல் பதில் சொல்ல முயல்கிறேன். வெந்தயமும் ஓட்ஸும் இசப்கோலும் வேலை செய்வது அவற்றின் கரையும் நார்ச்சத்தால். அது குடலில் கூழாகி, உணவு இறங்குவதையும் பித்த உப்புகள் திரும்ப உறிஞ்சப்படுவதையும் மந்தப்படுத்துகிறது. ஆனால் சாரம் எடுக்கும்போது வழக்கமாக முதலில் வடிகட்டி எறியப்படுவதே அந்த நார்தான்! உங்கள் கடையில் இலையாக இருக்கும்போது உள்ள நன்மையைப் போத்தல்காரர் சக்கையென்று கொட்டிவிடுகிறார்.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். 1997இல் மேரிலாந்தில், ஆரோக்கியமான பத்துப் பேருக்கு 50 கிராம் கொழுப்புள்ள துரித உணவைக் கொடுத்துக் கையிலுள்ள தமனி எவ்வளவு விரிகிறது என்று அளந்தார்கள். ஒரே வேளை உணவுக்குப் பின் நான்கு மணி நேரம் வரை அந்த விரியும் திறன் குறைந்திருந்தது. அதே ஆண்டில் அதே குழுவினர், உணவுக்கு முன் ஒரு கிராம் வைட்டமின் சியும் 800 அலகு வைட்டமின் ஈயும் கொடுத்தபோது அந்தக் குறைவு ஏற்படவில்லை என்றும் காட்டினார்கள். உலகமே மகிழ்ந்தது. பிறகு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை நான்கரை ஆண்டுகள் வைட்டமின் ஈயோடு தொடர்ந்து பார்த்த ஹோப் ஆய்வு 2000இல் வந்தது. மாரடைப்பு குறையவே இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் தெரியும் பலன் ஓர் ஆயுளுக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. மசாலா ஆய்வையும் நான் அதே தயக்கத்தோடுதான் படிக்கிறேன், அக்கா.

பழைய டிரெசர்

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தம்பி முதல் பதிவில் சொன்ன 3.1 வெறும் வயிற்றில் எடுத்தது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தவர் இரத்தத்தில் முந்தைய நாள் ஆட்டிறைச்சியின் கைலோமைக்ரான்கள் பெரும்பாலும் எஞ்சியிருக்காது. அங்கே நிற்பது கல்லீரல் தானே கட்டி அனுப்பிய டிரைகிளிசரைடு. அதை ஏற்றுபவை சர்க்கரையும், மதுவும், அளவு மீறிய சோறும், கட்டுக்கடங்காத நீரிழிவும். ஆகவே அந்தப் போத்தல் விளம்பரம் சொல்வதையெல்லாம் செய்தாலும்கூட, கிளினிக்கில் சொன்ன அந்த எண்ணைப் பெரிதாகத் தொடாது. கல்லீரல் அனுப்புவதையும் உணவின் கைலோமைக்ரான்களையும் உடைக்கும் நொதி ஒன்றே என்பதால், கல்லீரலின் சரக்கு ஏற்கெனவே வரிசையில் நின்றால், ஞாயிற்றுக்கிழமைக் கொழுப்பும் அதன்பின்னே காத்து நிற்கும்.

அப்பாவுக்கு ஒரு நாளில் எத்தனை தே தாரிக் (ஆற்றிய பால்தேநீர்), தம்பி?

இன்னொன்று. பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) ஐந்தரைக்கு வாளியோடு இறங்கியவர்களை நான் அறிவேன். ஆட்டிறைச்சி அவர்களுக்குத் தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும்தான். மற்ற நாள்களில் தேங்காயெண்ணெயிலும் பின்னாளில் செம்பனை எண்ணெயிலும்தான் சமைத்தார்கள். தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடும் செம்பனை எண்ணெயில் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. (1917இல் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வணிகத்துக்காக நட்டது நம் ஊர்ப்பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தென்னையின் பெயரைச் சூடிய மண்ணில் செம்பனை வந்து உட்கார்ந்தது என் நெடுநாள் வேடிக்கை.) அவர்கள் எல்லோரும் நலமாக இருந்தார்கள் என்று சொல்லமாட்டேன், பலரை நானே இளவயதில் இழந்தேன். ஆனால் தசை உழைத்தால், தந்துகிச் சுவரில் உள்ள அந்த லைப்பேஸ் கூடும். முந்தைய நாள் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தவருக்கு மறுநாள் கொழுப்புணவின் ஏற்றம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. இரண்டொரு நாள் நடக்காமல் விட்டால் அந்தப் பலன் போய்விடும். குலை வெட்டிய உடம்பு ஓய்வு பெற்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது; உணவு மட்டும் உட்காரவில்லை.

பந்திக் கரண்டி

நேற்று ஒரு கிலோ ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கான தூளையெல்லாம் தராசில் வைத்துப் பார்த்தேன். இஞ்சி பூண்டு விழுதைச் சேர்க்காமல் 65 கிராம். எட்டுப் பேருக்குப் பரிமாறினால் தலைக்கு எட்டு கிராம்தான். அந்த ஆய்வின் 14 கிராமுக்குப் பாதியைச் சற்றே தாண்டுகிறது. பிறகு எண்ணெயை அளந்தேன். அந்தக் கணக்கை இங்கே எழுத மனம் வரவில்லை. அடுத்த சட்டியில் கால்பங்கு எண்ணெயைக் குறைத்துச் சமைத்தேன், வீட்டில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. விருந்தில் கண்டுபிடிப்பார்கள் என்றுதான் பயம். எண்ணெய் மேலே மினுங்காத பிரட்டலைச் சம்பந்தி வீட்டார் கஞ்சத்தனம் என்பார்கள்.

ஆற்றோரத்தான்

அனைவருக்கும் நன்றி. மூன்று செய்திகளோடு திரும்பி வந்திருக்கிறேன். போத்தலில் உள்ள பதிவெண்ணைத் தேடிப் பார்த்தேன். அந்த எண்ணில் வேறொரு பொருள், ஒரு தைலம் வந்தது. போத்தலைக் கிளினிக்கின் மருந்தாளரிடம் காட்டினோம். அப்பா அதை நிறுத்த வேண்டும் என்று சொல்லி, கல்லீரல் பரிசோதனைக்கும் நீரிழிவுப் பரிசோதனைக்கும் மருத்துவரிடம் அனுப்பினார். டிரெசர் ஐயா கேட்ட கேள்விக்கு விடை: ஒரு நாளில் ஐந்து தே தாரிக், எல்லாமே இனிப்புக் கெட்டிப்பால் சேர்த்து. இதை அப்பா சொல்லவில்லை, மாமாக் உணவுக்கடைக்காரர் சொன்னார்.

இப்போது இரண்டாகக் குறைத்திருக்கிறார். மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி நடக்கிறார். அடுத்த இரத்தப் பரிசோதனை மூன்று மாதம் கழித்து. ஞாயிறன்று பிரட்டலுக்குப் பின் மிளகு ரசம் குடித்துவிட்டு வழக்கம்போல ஏப்பம் விட்டார். கழிப்பறைச் சான்றைப் பற்றி நான் நாசூக்காகக் கேட்டதற்கு, ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை.